பசை போட்டு ஒட்டிய போர்வை தையலில் மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மேலே ஒரு சேலை, அடியில் ஒரு சேலை, நடுவில் பஞ்சு ஷீட்டோ பழைய வேட்டியோ. இந்த மூன்று அடுக்கும் தைத்து முடிகிறவரை நகராமல் இருக்க ஊக்கு குத்துவோம், இல்லையென்றால் விரல் நீளத்துக்கு ஓட்டுத் தையல் போடுவோம். தரையில் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகும். அதனால் இப்போது நிறையப் பேர் பசைக்கு மாறிவிட்டார்கள். நல்ல வழிதான். ஆனாலும் பாளையங்கோட்டையில் எங்கள் தையல் அறைக்குப் பாதி தைத்த போர்வையைச் சுருட்டிக்கொண்டு வருகிறவர்கள் சொல்கிற கோளாறுகள் திரும்பத் திரும்ப அதே எட்டொன்பதுதான். அவற்றை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். செலவில்லாத சோதனை முதலில், காசு கேட்பது கடைசியில். உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம். முதல் சோதனையை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

## எல்லோருக்கும் முதல் சோதனை: அது என்ன பசை?

போர்வைக்குப் போடுகிற பசை, தையல் முடிந்ததும் தண்ணீரோடு போய்விட வேண்டியது. எவ்வளவு கெட்டியாக ஒட்டுகிறது என்று பார்த்து வாங்குகிறவர்கள்தான் பிறகு என்னிடம் வருகிறார்கள். எவ்வளவு சுத்தமாகப் போகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைவேலைக்கு வைத்திருக்கும் வெள்ளைப் பசையில் ‘வாஷபிள்’ என்று போட்டிருந்தால் அது சரியான பசை. ஆசாரி மரத்துக்குப் போடுகிற வெள்ளைப் பசையும் பார்க்க அப்படியேதான் இருக்கும், ஆனால் காய்ந்தால் தோல் மாதிரி இறுகும், துவைத்தாலும் போகாது. கடைக்காரரிடம் “வெள்ளைப் பசை குடுங்க” என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் இதுதான் கைக்கு வரும். வீட்டில் காய்ச்சும் மைதா பசையும் ஆகும். அதற்குத் தனிக் கவனம் வேண்டும், கீழே எழுதியிருக்கிறேன். புத்தகம் பைண்டிங் பண்ணுகிற இடத்தில் மிச்சமிருக்கும் மைதா பசையை வாங்கி வராதீர்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். பிள்ளைக்குப் போர்த்துகிற துணியில் அது ஆகாது. ஸ்ப்ரே பசை போடுகிறவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்படிக்குத் தள்ளி அடியுங்கள், தீப்பற்றும் சரக்கு அது.

ஒரு சொட்டில் ஒட்டுகிற உடனடிப் பசையைப் பருத்தித் துணியில் விடவே கூடாது. பருத்தியோடு சேர்ந்தால் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும்.

சோதனை இதுதான். அதே சேலையில் வெட்டின துண்டுகள் இரண்டை எடுத்து, நடுவில் ஒரு கோடு பசை இழுத்து, இஸ்திரி போட்டுக் காயவிடுங்கள். அரை மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கசக்கினால் இரண்டும் தானாகப் பிரிய வேண்டும். உலர்ந்த பிறகு கோடு போன இடத்தை இரண்டு விரலால் உருட்டிப் பாருங்கள். மொடமொடப்புத் தட்டினால் அந்தப் பாட்டிலைப் பிள்ளைகளின் கைவேலைக்குக் கொடுத்துவிடலாம்.

## அறிகுறி 1: ஊசியில் பசை ஏறுகிறது, நூல் அறுந்து அறுந்து போகிறது

“எக்கா, நேத்து வரைக்கும் நல்லாத்தான ஓடிச்சு, இன்னைக்கு அஞ்சு வெரக்கடை தைக்கதுக்குள்ள நூல் அறுந்துருது” என்று வருவார்கள். மெஷினைத் தொடுவதற்கு முன்னால் ஊசியைக் கழற்றிக் கட்டைவிரல் நகத்தால் மேலிருந்து கீழே ஒரு இழு இழுங்கள். நகத்தில் வெள்ளையாகப் பொருக்கு வந்தால் கோளாறு பசையில்தான்.

பசை இன்னும் காயவில்லையா? இதுதான் எல்லாவற்றையும் விட அதிகம். மேல் சேலை காய்ந்த மாதிரி இருக்கும், நடுப் பஞ்சு ஈரம் பிடித்துவைத்திருக்கும். புறங்கையைப் போர்வையில் வைத்துப் பாருங்கள். குளுகுளுவென்று இருந்தால் உள்ளே ஈரம். இஸ்திரியை, ஆவி இல்லாமல், ஒரு இடத்தில் சில நொடி வைத்து எடுத்து வைத்து எடுத்துப் போங்கள். தேய்த்து இழுத்தால் அடுக்கு நகரும். நடுவில் பாலியஸ்டர் பஞ்சு ஷீட் இருந்தால் கடும் சூடு வேண்டாம், ஷீட் அமுங்கி அப்பளமாகிவிடும். மிதமான சூட்டில் மேலே ஒரு துணி போட்டு அதே மாதிரி வைத்து எடுக்கலாம், இல்லை ராத்திரி முழுக்க ஃபேன் காற்றில் விட்டுவிடலாம்.

காய்ந்திருக்கிறது, ஆனாலும் ஏறுகிறதா? பசை கூடிப்போச்சு. கோடு ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு மில்லிமீட்டர் அகலம்தான் இருக்க வேண்டும். பாட்டில் மூக்கு பெரிதாக இருந்தால் கை எவ்வளவு கட்டுப்படுத்தினாலும் வழியும். பிளாஸ்டிக் தாளை மருதாணிக் கோன் மாதிரிச் சுருட்டிப் பசையை ஊற்றி நுனியைக் கத்தரித்துக்கொள்ளுங்கள். மெடிக்கல் கடையில் ஊசியில்லாமல் சிரிஞ்ச் மட்டும் வாங்கினாலும் ஆகும். ஏற்கெனவே போட்டதை ஒன்றும் செய்ய முடியாது, ஒட்டினதைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டாம். மெதுவாகத் தையுங்கள். ஒவ்வொரு வரி முடிந்ததும் ஈரத் துணியால் ஊசியைத் துடையுங்கள். ‘வாஷபிள்’ பசை தண்ணீருக்கே வந்துவிடும். ஸ்ப்ரே பசை வராது, அதற்கு ஸ்பிரிட் தொட்ட பஞ்சு வேண்டும். ஊசியில் மெஷின் எண்ணெய் தடவுகிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது. சேலையில் எண்ணெய்க் கறை விழும், வேண்டாம்.

துடைத்தும் அறுகிறதா? ஊசியை மாற்றுங்கள். மூன்று அடுக்குக்கு 14, நடுவில் வேட்டியை நாலாக மடித்து வைத்திருந்தால் 16. ரவிக்கை தைக்கிற 11ஆம் நம்பர் ஊசியோடு வந்து உட்கார்ந்துகொண்டு பசையைக் குறை சொல்கிறவர்கள் நிறைய.

புது ஊசியிலும் அறுகிறதா? மேல் நூல் போகிற டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் பசை பிடித்த பஞ்சுத் துணுக்கு மாட்டியிருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டைத் தூக்கிவைத்துவிட்டு, ஒரு துண்டுத் துணியை மடித்துத் தட்டுகளுக்கு இடையே முன்னும் பின்னும் இழுங்கள். அதற்கப்புறமும் அறுந்தால் ஊசித் தட்டின் ஓட்டையில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் ஊசி எப்போதோ இடித்திருக்கிறது. அங்கே மெக்கானிக் வேலை.

## அறிகுறி 2: தையல் தாவித் தாவிப் போகிறது

முதலில் எங்கே தாவுகிறது என்று பாருங்கள். பசைக் கோட்டைக் கடக்கும்போது மட்டும் தாவுகிறதா, எல்லா இடத்திலுமா?

பசைக் கோட்டில் மட்டும்: காய்ந்த பசை மேட்டில் ஊசி மோதி லேசாக வளைகிறது, அதனால் அடியில் சுற்றுகிற ஷட்டில் மேல் நூலைப் பிடிக்கும் நேரம் தப்புகிறது. அந்த இடத்தில் கையால் சக்கரத்தைச் சுற்றித் தாண்டிப் போங்கள். தடித்த மேடாக இருந்தால் ஈரத் துணியை மேலே வைத்து ஐந்து நிமிடம் விட்டு, விரலால் நசுக்கித் தட்டையாக்கி, மறுபடி இஸ்திரி போடுங்கள்.

எல்லா இடத்திலும்: பசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஊசி தப்பாக மாட்டியிருக்கும். ஊசியில் நூல் வந்து உட்காருவதற்கு ஒரு பக்கம் நீளக் காடி இருக்கும். நூலை எந்தப் பக்கமிருந்து கோக்கிறோமோ அந்தப் பக்கம் காடி வர வேண்டும். வீட்டு மெஷின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டை. பவர் மெஷின் ஊசியின் தலை முழு உருட்டு. டவுனில் மொத்தமாக ஊசிப் பாக்கெட் வாங்கும்போது இரண்டும் கலந்து வந்துவிடுவது உண்டு. உருட்டுத் தலை ஊசி வீட்டு மெஷினில் எப்படியோ உட்கார்ந்துவிடும், தையல்தான் விழாது.

கால் மெஷின் என்றால் இன்னொன்று. ஐப்பசி மழையில் தோல் பெல்ட் தளர்ந்துபோகும். மூன்று அடுக்குக்குள் ஊசி இறங்கும்போது சக்கரம் வழுக்கும், தையல் விட்டு விட்டு விழுவது போலத் தெரியும். கிளிப்பைக் கழற்றிப் பெல்ட்டை அரை அங்குலம் வெட்டி மாட்டினால் தீர்ந்தது.

ஊசி சரி, பெல்ட் சரி, பழைய துணியில் தைத்தாலும் தாவுகிறது: ஷட்டில் டைமிங் நகர்ந்திருக்கிறது. இதை வீட்டில் கை வைத்து நேராக்க முடியாது. மெக்கானிக் அண்ணாச்சியைக் கூப்பிடுங்கள். பசை போட்ட துணியிலும் போடாத துணியிலும் தாவுகிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவர் நேராக ஷட்டிலுக்குப் போய்விடுவார். சொல்லாவிட்டால் “பசை போட்டீயளா? அதான்” என்று துடைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், மறுநாள் திரும்பவும் தாவும்.

## அறிகுறி 3: மேலே வழுவழுப்பு, திருப்பிப் பார்த்தால் அடியில் சுருக்கம்

அதிகம் பேர் அழுதுகொண்டு வருவது இதற்குத்தான். தைக்கும்போது தெரியாது, முடித்துத் திருப்பினால்தான் தெரியும்.

சுருக்கம் பசைக் கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா? கோடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. நாலு அங்குல இடைவெளி போதும், வழுக்குகிற சிந்தெடிக் சேலையென்றால் மூன்று. நேர்கோடாக இழுக்காமல் வளைத்து வளைத்து இழுத்தால் எல்லாத் திசையிலும் பிடிமானம் கிடைக்கும்.

சுருக்கம் பசைக் கோட்டின் மேலேயே இருக்கிறதா? ஒட்டும்போதே அடிச் சேலை தளர்ந்து கிடந்திருக்கிறது, பசை அந்தச் சுருக்கத்தை அப்படியே பிடித்து வைத்துவிட்டது. இதற்கு விரிக்கிற முறையில்தான் மருந்து. அடிச் சேலையை மேல் சேலையை விடச் சுற்றிலும் மூன்று அங்குலம் கூடுதலாக வெட்டி, நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி விறைப்பாக இழுத்துக்கொள்ளுங்கள். விறைப்பு என்றால் பாவாடை நாடா அளவுக்கு இறுக்க வேண்டாம். இழுத்து ஒட்டின சேலை, டேப்பை எடுத்ததும் சுருங்கி அதுவே புதுச் சுருக்கம் போடும். சிமெண்ட் தரையில் தூசி இருந்தால் டேப் பிடிக்காது, ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள்.

பிறகு பஞ்சு ஷீட். அதைப் பாதி மடக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பசை இழுத்து, மெல்ல விரித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே தள்ளித் தடவுங்கள். மறு பாதியும் அப்படியே. மேல் சேலையும் அப்படியே. ஒரேயடியாக முழுதுக்கும் பசை ஊற்றினால் பாதி விரிப்பதற்குள் மறுபாதி காய்ந்துவிடும்.

எதன் மேல் விரிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பத்தமடைப் பாய் மேல் விரித்துவிட்டு, பசை கசிந்து கோரையோடு சேலை ஒட்டிக்கொண்டது என்று ஒரு மைனி பாயும் கையுமாக வந்தார்கள். பாயை நனைத்துப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. செய்தித்தாள் போட்டால் மை சேலையில் ஏறும். கல்யாண வீட்டு ஃப்ளெக்ஸ் போர்டு ஒன்று எங்கேயாவது கிடக்கும், அதைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஒட்டுங்கள். பசை கசிந்தாலும் உரிந்து வந்துவிடும். ஆனால் ஃப்ளெக்ஸ் மேல் வைத்தே இஸ்திரி போட்டுவிடாதீர்கள், உருகி ஒட்டும். தூக்கி வேறு இடத்துக்கு மாற்றி, கம்பளி விரித்து அதன் மேல் போடுங்கள்.

ஒட்டினது நன்றாக இருக்கிறது, தைத்தால்தான் சுருக்கம் வருகிறதா? மெஷின் பல் அடிச் சேலையை முன்னே தள்ளுகிறது, ஃபுட் மேல் சேலையைப் பின்னே பிடிக்கிறது. ஃபுட் அழுத்தும் திருகைத் தளர்த்துங்கள். தையல் நீளத்தை மூன்று மில்லிமீட்டருக்குக் கூட்டுங்கள். ஓரத்திலிருந்து தொடங்காமல் நடு வரியை முதலில் தைத்து, இரண்டு பக்கமும் மாறி மாறி வெளியே போங்கள். இவ்வளவும் செய்த பிறகும் தீரவில்லையென்றால்தான் வாக்கிங் ஃபுட் வாங்க வேண்டும். மேல் அடுக்கையும் சேர்த்து நகர்த்துகிற ஃபுட் அது. வாங்கும்போது உங்கள் மெஷினின் பழைய ஃபுட்டைக் கழற்றிக் கொண்டு போங்கள், எல்லா ஃபுட்டும் எல்லா மெஷினுக்கும் சேராது.

தைத்தபோது சரி, துவைத்த பிறகு சுருக்கமா? போர்வை முழுதும் சீராகச் சின்னச் சின்னச் சுருக்கம் விழுந்திருந்தால் அது கோளாறே இல்லை. நடுவில் பருத்திப் பஞ்சு வைத்த போர்வை எல்லாமே அப்படித்தான் ஆகும், சிலர் அதற்காகவே துவைப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு நின்றால், துவைக்காத புதுப் பருத்தியையும் சிந்தெடிக் சேலையையும் சேர்த்திருக்கிறீர்கள். புதுப் பருத்தி நூற்றுக்கு மூன்று, ஐந்து என்று சுருங்கும், சிந்தெடிக் அசையாது. சங்கரன்கோவில் காட்டன் சேலை புதுசாக வாங்கி வெட்டுகிறவர்கள் முதலில் ஒரு தண்ணீர் நனைத்துக் காயப்போட்டு வெட்டுங்கள். பல வருடம் உடுத்துத் துவைத்த சேலைக்கு இந்தத் தொந்தரவே கிடையாது. பழைய சேலையில் பிள்ளைப் போர்வை தைத்த ஆச்சிமார் காரணம் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்.

## அறிகுறி 4: தைக்கிறதுக்குள் ஒட்டினது பிரிந்துவிடுகிறது

எந்த மாதம் என்று முதலில் கேட்பேன்.

ஆனி, ஆடி: காற்றுக் காலம். விரித்த சேலைக்கு அடியில் காற்றுப் புகுந்து தூக்கும், கூடவே தூசியை அள்ளிப் பசையில் போடும். தூசி பட்ட பசை பிடிக்காது. ஜன்னலைச் சாத்திவிட்டு ஒட்டுங்கள், ஃபேனும் வேண்டாம். ஒட்டின உடனே இஸ்திரி.

சித்திரை, வைகாசி: வெயில் காலத்தில் மெல்லிய கோடு, சேலையைப் புரட்டுவதற்குள் மேலே ஏடு கட்டிவிடும். ஏடு கட்டின பசை தொட்டால் ஒட்டுவது போலிருக்கும், துணியைப் பிடிக்காது. காலை நேரத்தில் ஒட்டுங்கள், ஒரு முழ அகலத்துக்கு மட்டும் பசை இழுத்து, மூடி, பிறகு அடுத்த முழம்.

ஐப்பசி, கார்த்திகை: ஒட்டாமல் போவதில்லை, காயாமல் போகிறது. இஸ்திரி இல்லாமல் இந்த இரண்டு மாதம் பசை வேலையே வேண்டாம். தென்காசி, குற்றாலம் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சாரல் காலத்திலும் இதே கதைதான்.

மாதம் எதுவானாலும் பிரிகிறது என்றால் பசையில் தண்ணீர் கலந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சிக்கனம் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் பசை துணிக்குள் இறங்கி அடுத்த அடுக்கைத் தொடாமலே காய்ந்துவிடும். நடுவில் இலவம்பஞ்சை உதிரியாகப் பரப்பி அதன் மேல் பசை விட்டிருந்தால் அது எந்தக் காலத்திலும் நிற்காது. இலவம்பஞ்சு உறைக்குள் அடைக்கத்தான் லாயக்கு. அந்த வேலையை மெத்தை தைப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

## அறிகுறி 5: பசைத் தடம் மேலே தெரிகிறது

மல்துணி, வாயில் சேலை போன்ற மெல்லிய துணியில் ஈரத்தடம் தெரிவது இயல்பு. துவைத்தால் போகும்.

தடம் பழுப்பாக இருந்தால் வேறு. இஸ்திரிச் சூடு கூடி மைதா பசை கருகியிருக்கிறது, அல்லது இஸ்திரிப் பெட்டியின் அடியில் பசை ஒட்டிக் கருகி அது துணியில் ஏறுகிறது. பெட்டியை ஆறவிட்டு ஈரத் துணியால் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். துணியில் ஏறின கருகல் ஊறவைத்துக் கசக்கினால் பெரும்பாலும் மங்கும். நூலே பழுத்திருந்தால் போகாது. அந்த இடத்தில் ஒரு ஒட்டுத் துண்டு வைத்துத் தைத்துவிடுவதுதான் வழி, பார்க்கிறவர்கள் டிசைன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

## அறிகுறி 6: துவைத்தும் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது

எப்படித் துவைத்தீர்கள்? நேரே வாஷிங் மெஷினில் போட்டிருந்தால் பசை கரைய நேரமில்லை. பெரிய டப்பில் சோப்புப் போடாமல் அரை மணி நேரம் ஊறவையுங்கள். காலால் மெல்ல மிதியுங்கள். தண்ணீர் பால் நிறத்தில் மாறும், கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் தெளிந்து வருகிறவரை இதுதான் வேலை, சோப்பு அதற்கப்புறம். நனைந்த போர்வை கனக்கும். பிழிந்து முறுக்காமல் சுருட்டி அமுக்கித் தண்ணீரை எடுங்கள், முறுக்கினால் தையல் இழுத்துக்கொள்ளும்.

தண்ணீர் எப்படி? தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிற வீடுகளில் இந்தப் புகாரே குறைவு. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊர்களில் சோப்பு நுரைக்காது, துணி காய்ந்ததும் தானே விறைக்கும். பசை போயிருந்தாலும் போகாத மாதிரித் தெரியும். கடைசி அலசலை மட்டும் மழைத் தண்ணீரிலோ நல்ல தண்ணீரிலோ செய்து பாருங்கள். விறைப்பு போனால் குற்றம் தண்ணீருடையது.

மைதா பசை போட்டதா? மைதா கஞ்சிப் பொருள். என்சைம் உள்ள சோப்புத் தூளில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் விட்டுவிடும்.

கோடு கோடாக விறைப்பு அப்படியே நிற்கிறதா? மரவேலைப் பசை போட்டுவிட்டீர்கள். வெந்நீரில் கொஞ்சம் வினிகர் விட்டு அந்தக் கோடுகளை மட்டும் ஊறவைத்துத் தேய்த்தால் சற்று இளகும், முழுதும் போகும் என்று நம்ப வேண்டாம். டிரை க்ளீனிங் கொடுத்தால் போய்விடும் என்று நினைத்துக் காசு செலவழிக்காதீர்கள். தண்ணீரில் போகிற பசையே டிரை க்ளீனிங்கில் போகாது, அங்கே தண்ணீர் கிடையாது. அந்தப் போர்வையைத் திண்ணை விரிப்பாக்கிக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு வேண்டாம்.

## அறிகுறி 7: பசையைத் துவைக்கப் போய்ச் சாயம் இறங்கிவிட்டது

பசை போட்டால் துவைத்தே ஆக வேண்டும், துவைத்தால் சாயம் இறங்கும். அதனால் சுங்குடி, அரக்கு, கருநீலம் இதெல்லாம் ஒட்டுவதற்கு முன்பே சோதிக்க வேண்டியவை. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துச் சேலை மேல் வைத்து இஸ்திரி போடுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தச் சேலைக்குப் பசை கிடையாது, நூல் ஓட்டிக்கொள்ளுங்கள். பட்டுக்கும் அப்படியே.

ஏற்கெனவே இறங்கிவிட்டதா? காயவிடாதீர்கள், இஸ்திரி போடவே போடாதீர்கள். காய்ந்து சூடு பட்டால் அந்த நிறம் நிலைத்துவிடும். ஈரமாக இருக்கும்போதே நிறையத் தண்ணீரில் மறுபடி மறுபடி அலசுங்கள். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள், ஓடுகிற சாயத்தை அது நிறுத்தி நான் பார்த்ததில்லை.

## அறிகுறி 8: எறும்பு, கரப்பான், புளித்த வாசம், கரும்புள்ளி

மைதா பசைக்கு மட்டும் வருகிற தொல்லை. ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்தாறு பங்கு தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி போலத் தெளிகிறவரை கிண்டி, மெல்லிய துணியில் வடித்து, ஆறினதும் போட வேண்டும். நம் ஊர் வெக்கையில் மறுநாள் புளித்துவிடும், அன்றைக்குக் காய்ச்சினதை அன்றைக்கே முடியுங்கள்.

ஒட்டிவிட்டு “அடுத்த வாரம் தைக்கலாம்” என்று பரணில் போட்டால் கரப்பானுக்கும் எலிக்கும் விருந்து. இரண்டு மூன்று நாளில் தைத்துத் துவைக்க முடியும் என்றால் மட்டும் மைதாவைத் தொடுங்கள். புளித்த வாசம் வந்துவிட்டால் தைத்தவரைக்கும் போதும் என்று உடனே அலசி வெயிலில் போடுங்கள், மிச்சத்தை ஊக்கு குத்தித் தைத்துக்கொள்ளலாம். கரும்புள்ளி பூஞ்சணம். அது பஞ்சுக்குள் இறங்கியிருந்தால் வெளியே வெளுத்தாலும் உள்ளே இருக்கும், பிரித்துப் பஞ்சை மாற்ற வேண்டியதுதான்.

## அறிகுறி 9: மெஷின் இறுகிவிட்டது, அடியில் நூல் கூடு கட்டுகிறது

சக்கரம் கனமாகச் சுற்றினால் பலம் கொடுத்து மிதிக்காதீர்கள். ஊசித் தட்டைத் திருகிக் கழற்றுங்கள். பல்லுக்கு நடுவில் பசையும் பஞ்சும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் அப்பிக்கொண்டிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள், ஈரத் துணியால் துடையுங்கள், நன்றாக உலர்ந்த பிறகு ஒரு சொட்டு மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்டால் அதுவே நாளடைவில் பசையாகும்.

அடியில் நூல் கூடு கட்டினால் கை தானாக அடி நூல் இருக்கிற பாபின் கேஸுக்குப் போகும். ஆனால் கோளாறு பெரும்பாலும் மேல் நூலில்தான். ஃபுட்டைத் தூக்கி, நூலை முழுதும் உருவி, முதலிலிருந்து கோத்துக்கொள்ளுங்கள்.

துடைத்து எண்ணெய் விட்ட பிறகும் ‘டக் டக்’ சத்தம் கேட்டாலோ, சக்கரம் ஒரே இடத்தில் மாட்டினாலோ, ஷட்டில் நுனியில் நகத்தில் தட்டுப்படுகிற கீறல் இருந்தாலோ மெக்கானிக்கிடம் போய்விடுங்கள். மெஷினோடு அந்தப் போர்வையில் வெட்டின ஒரு துண்டையும், பசை போட்ட துண்டாகவே, எடுத்துப் போங்கள். கடையில் இருக்கிற ஒற்றைத் துணியில் தைத்துப் பார்த்தால் எந்த மெஷினும் நன்றாகத்தான் ஓடும்.

கையால் தைக்கிறவர்கள் இதில் எதையும் பார்க்க வேண்டியதில்லை. காய்ந்த பசைக்குள் கை ஊசியைத் தள்ளி விரலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு ஓட்டுத் தையலே சரி.